நாலாவது வரி

அந்த ஆனி மழையில், டேட்டா கார்டை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, தக்கலை வீட்டு மாடியிலிருந்து அலுவலக வேலை பார்த்தேன். நாங்கள் வடிவமைத்த சிப் சும்மா இருக்கும்போதும் நிறைய மின்சாரம் தின்னும் என்று, அதைக் கணக்கிடும் மென்பொருள் சொன்னது. எது தின்கிறது என்று லட்சக்கணக்கான உறுப்புகளை மவுஸால் சொடுக்கித் தேட முடியாது. அதனால் திரையின் கறுப்புப் பெட்டியில் தேடல் கட்டளைகளை வரிவரியாக எழுதி ஓட விட்டேன். ஓய்விலும் துடிக்கும் உறுப்புகளின் பெயர்கள் திரையில் மெல்ல மேலேறின. கண்ணாடியில் மழை கீழிறங்கியது. இரண்டுக்கும் நடுவே நான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்று நாளாக அகப்பட்டதெல்லாம் அற்பசொற்பம். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அதை வடிவமைத்தவரை மனத்துக்குள் திட்டினேன். அதில் ஒரு சுகம் இருந்தது.

கூட வேலை பார்க்கும் குழித்துறைத் தோழிக்கு என் கட்டளைகளை அனுப்பினேன். வாசித்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள்.

“ஏட்டி, நாலாவது வரியில சிப்புக்க ஒரு பகுதிய விட்டுட்டுத் தேடச் சொல்லியிருக்க. அது யாருக்க பகுதி?”

“எனக்க பகுதிதான். அதுல ஒண்ணும் இருக்காதுன்னு விட்டேன்.”

அவள் பக்கமும் மழை பெய்வது கேட்டது. அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட விட்டேன். பெயர்கள் நிற்காமல் ஏறின. ஒவ்வொன்றும் நான் ஆசையாக வைத்த பெயர்.

“கிட்டிச்சா?” என்று கேட்டாள்.

மழையில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.