குதிரைப்படைப் படம்

மொன்றியலுக்கு அருகே லவால் பழஞ்சாமான் சந்தையில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நடந்த பழைய போர்களின் ஓவியங்களைப் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்தேன். வன்னிப் போரில் மகளைப் பறிகொடுத்த அக்கா, எங்களோடு வாழ மொன்றியல் வந்தார். வந்த மறுநாளே, பூர்வகுடிகளின் கூடாரங்களைக் குதிரைப்படை எரிக்கும் படத்தின் முன் நின்றார்.

"குதிரையின்ர கால்களைப் பாருங்கோ அக்கா, எவ்வளவு வடிவாய்க் கீறியிருக்கிறான்" என்றேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு பெண்ணை அக்கா விரலால் தொட்டார்.

"இவள் தப்பினவளோ?"

"தெரியாது."

"கீறினவன் ஆமிக்குப் பின்னால நிண்டெல்லோ பார்த்திருக்கிறான்."

அந்தப் பெண் படத்தில் இருப்பதையே அதுவரை நான் கவனித்ததில்லை. அன்றே எல்லாப் படங்களையும் கழற்றி பேஸ்மென்டில் வைத்தேன். பிறகு நான் எதையும் வாங்கவில்லை.