நாலும் நாலும் எட்டில்லை

என் அண்ணி கம்ப்யூட்டர் கட்டுகிறவர். அவர் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேசை அவருடையது. பதினான்கு வருடங்களாக அந்த மேசையைத் தாண்டாமல் ஒரு பெட்டிகூட வாசலுக்குப் போனதில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் கேம் ஆடுகிறவர்கள். அவர்கள் வைத்த பெயர் மீட்டரக்கா.

பெயருக்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டரைக் கட்டி முடித்தவுடன் அண்ணி மூடிவிட மாட்டார். வாங்குகிறவர் எந்த கேம் ஆடப்போகிறாரோ அதையே அரைமணி நேரம் ஓட்டுவார். திரையில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டின் மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்று திரையின் மூலையில் மீட்டர்போல ஒரு சின்ன எண் ஓடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பவரைப்போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்ததை லேபிளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மூடியின் உட்பக்கம் ஒட்டுவார். திருகாணி அதற்குப் பிறகுதான்.

இந்தப் பழக்கம் ஒரு தப்பில் பிறந்தது. தப்பு அண்ணியுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நர்ஸுக்கு இரண்டு கார்டு போட்டு ஒரு கம்ப்யூட்டர் கட்டினார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜிபி. இரண்டும் இரண்டும் நாலு என்று ஓட்டிப் பார்க்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே வாரத்தில், கேம் திணறுகிறது என்று, அந்தப் பெண் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தாள். சண்டை போடவில்லை. “அக்கா, நீங்க இதை ஓட்டிப் பாத்துட்டுத்தான் எழுதினீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“திட்டியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன். கேள்வி கேட்டுட்டா பாருங்க” என்பார் அண்ணி.

போன வருடம் கடைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஓய்வு பெற்றவர். கல்லூரிக்கு எதிரே கேம் ஆடும் கூடம் ஒன்று திறக்கப்போகிறார். பன்னிரண்டு கம்ப்யூட்டர் வேண்டும். மாணவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேம். அதை உயர்ந்த படத்தரத்தில் ஆட ஆறு ஜிபியாவது வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். கடையில் நாலு ஜிபி கார்டுகள் இருபத்துநாலு, யாரும் சீண்டாமல் தூசி தின்றுகொண்டிருந்தன. “ஒரு மெஷினுக்கு ரெண்டு கார்டு போட்டுடறேன் சார். நாலும் நாலும் எட்டு. ஆறு கேட்டீங்க, எட்டா தர்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் கம்ப்யூட்டரை அண்ணி கட்டினார், ஓட்டினார். மூலையில் எண் மூன்றைத் தாண்டியது, நாலைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த வீரன் விக்கல் வந்தவன்போல விட்டுவிட்டு நகர்ந்தான். படத்தரத்தை ஒரு படி இறக்கினார். எண் மூன்றேகாலுக்கு வந்தது. வீரன் வழுக்கிக்கொண்டு ஓடினான். அண்ணி லேபிளை எடுத்து எழுதினார்: “மெமரி 4. நடுத்தரம் வரை போதும்.”

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “என்னம்மா இது? கேமோட செட்டிங்லயே எட்டுன்னுதான காட்டுது. கம்ப்யூட்டரே ஒத்துக்குது, உனக்கென்ன வந்துச்சு?”

“அது கூட்டிச் சொல்லுது சார். நான் ஓட்டிச் சொல்றேன்.”

“ரெண்டு கார்டு வேலை செய்யுதா இல்லையா?”

“செய்யுது. வேகம் கூடுது, இல்லைன்னு சொல்லல. இடம் கூடல.”

“நாளைக்குக் காலைல அவர் வர்றார். லேபிள்ல எட்டுன்னு இருக்கணும். இல்லைன்னா இந்த மேசைக்கு வேற ஆள் பாக்கறேன்.”

அன்று மாலை அண்ணி போனில் இதை எனக்குச் சொன்னார். அண்ணன் முதுகுவலியோடு வீட்டில் இருந்த மாதங்கள் அவை. இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில். கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனால் முடிந்தது கவலைப்படுவது ஒன்றுதான்; அதை நான் குறையில்லாமல் செய்தேன். “ஒரு நம்பர்தானே அண்ணி, எழுதிட்டுப் போங்களேன்” என்றேன்.

“கொழுந்தனாரே, நீங்க ஒரு எட்டு எழுதுங்களேன். உங்க கையெழுத்துதான் அழகா இருக்குமே” என்றார். பின்னால் அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. “அவளை விடுடா. நான் சொல்லியே கேட்டதில்ல, நீ சொல்லியா கேக்கப்போறா” என்றார் அவர்.

மறுநாள் டிரைவர் வந்தபோது அந்தக் கம்ப்யூட்டர் மூடி திறந்தபடி மேசையில் இருந்தது. கேம் உயர்ந்த தரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. லேபிளில் அதே நாலு.

“உக்காருங்க சார். நீங்களே ஓட்டிப் பாருங்க” என்றார் அண்ணி.

“சார் என்ன விளையாடவா வந்திருக்கார்?” என்றார் முதலாளி.

“முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன். ஓட்டிப் பாக்காம எதை எடுத்திருக்கேன்?” டிரைவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடம் போகவில்லை, புருவம் சுருங்கியது. “என்னம்மா, கிளட்ச் போன வண்டி மாதிரி இழுக்குது. எட்டு இருக்குன்னாரே?”

முதலாளி இருமினார். இருமல் முடியும்வரை அண்ணி காத்திருக்கவில்லை.

“என் வீட்டுல ரெண்டு பொண்ணுங்க சார், இரட்டைப் பிள்ளைங்க, ஒரே வகுப்பு. ரெண்டு பேர் பையிலயும் அதே புத்தகம்தான் இருக்கும். வீட்டுப்பாடத்தை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுப்பாங்க, சீக்கிரம் முடியும். ஆனா புத்தகம் ஆளுக்கு ஒண்ணு வேணும். பை ரெண்டாச்சேன்னு பெரிய அட்லஸ் ஒண்ணைக் கொடுத்தா, இந்தப் பைக்குள்ள நுழையாதது அந்தப் பைக்குள்ளயும் நுழையாது. இந்தக் கார்டுங்களும் அப்படித்தான்.”

“அப்போ போதாதா?”

“இந்தத் தரத்துக்குப் போதாது. ஒரு படி இறக்கினா தாராளமாப் போதும். எது வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா எட்டுன்னு நான் எழுத மாட்டேன். யார் சொன்னாலும் சரி.”

டிரைவர் அவரையும் முதலாளியையும் மாறிமாறிப் பார்த்தார். “யோசிச்சு வர்றேன்” என்று எழுந்து போய்விட்டார்.

முதலாளி சத்தம் போடவில்லை. மேசைமேல் இருந்த ஸ்க்ரூடிரைவர் பெட்டியை எடுத்துத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினார். “பேசறதுக்குத்தானே ஆசை? நாளைலேருந்து கவுன்ட்டர்ல நில்லு. வர்றவங்களுக்கு மவுஸும் கீபோர்டும் எடுத்துக் கொடுத்துப் பேசிக்கிட்டே இரு.”

அதுதான் அவர் செய்த பிசகு. பின்னறையில் ஒரு லேபிளில் அடங்கியிருந்த அண்ணியைக் கடைவாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மறுநாள் அண்ணி மகள்களின் பழைய பள்ளிப்பைகள் இரண்டைக் கொண்டுவந்து கவுன்ட்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். கேபிள் வாங்க வந்தவரும் கேட்டார்: “இது என்னக்கா, பையும் விக்கிறீங்களா?” கேட்டவருக்கெல்லாம் பாடம் நடந்தது. முதலாளி பைகளை ஒருமுறை கழற்றி வைத்தார். அண்ணி மறுபடி மாட்டினார். பின்னறையில் மேசை காலியாகவே கிடந்தது. எனக்கு இங்கே தூக்கம் சரியாக இல்லை.

பத்தாம் நாள் டிரைவர் வந்தார். முதலாளியின் அறைக்குப் போகாமல் நேராகக் கவுன்ட்டருக்கு வந்தார்.

“கணக்குப் போட்டுட்டேம்மா. எட்டு மெஷினுக்கு ஒத்தைக் கார்டு, ஆனா பெரிய பை. நாலு மெஷினுக்கு இருக்கிற ரெட்டைக் கார்டே போதும், நடுத்தரம்னு போர்டு வச்சிடறேன். சின்னப் பசங்க அதுல ஆடட்டும்.” பிறகு முதலாளியைப் பார்த்தார். “லேபிள் யார் ஒட்டறது?”

முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி விலைச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “மேசைக்குப் போறேன் சார். ஆனா லேபிள்ல நான் பாத்ததுதான் வரும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

ஸ்க்ரூடிரைவர் பெட்டி மேசைக்குத் திரும்பியது. மன்னிப்பு என்று ஒன்றும் கூடவே வரவில்லை. அண்ணியும் எதிர்பார்க்கவில்லை.

இன்னும் பதினாறு கார்டுகள் மிச்சம். வாரத்துக்கு ஒருமுறை முதலாளி பின்னறை வாசலில் வந்து நிற்பாராம். “ஏம்மா, ஒரு ஏழுன்னாவது போடக் கூடாதா?”

மூலையில் ஓடும் எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணி சொல்வாராம்: “கூடாது சார்.”