அம்மா கையெழுத்துப் போடாத தாள்

கப்பலிலிருந்து எங்களை இறக்கி, லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் கொண்டுபோய் விட்டபோது எனக்குப் பதினான்கு வயது. தங்கைக்கு ஆறு. அறுபதுகளின் நடுப்பகுதி அது. பர்மாவிலிருந்து எங்களைப் போன்றவர்கள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தார்கள். அரசாங்கம் எங்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. அம்மா பிறந்ததும் பர்மாவில்தான், நாங்கள் பிறந்ததும் பர்மாவில்தான். எங்கே திரும்பினோம் என்று அப்போது நான் யாரிடமும் கேட்கவில்லை.

அப்பா எங்களோடு வரவில்லை. உலகப்போர் முடிந்த பிறகும் பர்மாவுக்குள் சண்டை ஓயவே இல்லை. ராணுவமும் கிளர்ச்சிக்காரர்களும் ஆற்றின் இரண்டு கரைகளிலிருந்தும் சுட்டுக்கொண்ட ஒரு காலை, அப்பா வேலைக்குப் போன படகு நடுவில் மாட்டிக்கொண்டது. உடல் வந்தது. இறப்புச் சான்றிதழ் வரவில்லை. எழுதிக் கொடுக்க அந்த ஊரில் ஓர் அலுவலகம்கூட மிஞ்சியிருக்கவில்லை.

முகாமில் முதலில் கேட்டது அந்தச் சான்றிதழைத்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை. அதில் குடும்பத் தலைவர் பெயர் இருந்தால்தான் அரிசி, பிறகு வீட்டுமனை, எல்லாம். அதிகாரி அம்மாவிடம் பொறுமையாகத்தான் விளக்கினார்.

“புருஷன் செத்ததுக்கு அத்தாட்சி இல்லை. அதனால நீ விதவை இல்லை. புருஷன் கூடவும் வரலை. அதனால நீ குடும்பமும் இல்லை. இதுல கையெழுத்துப் போடு.”

அவர் நீட்டிய தாளை அம்மா விரல் வைத்துப் படித்தாள். ‘ஆதரவற்ற பெண்’ என்று தலைப்பு. அம்மா பெண்கள் விடுதிக்கு, நான் ஒரு பள்ளி விடுதிக்கு, தங்கை வேறொரு ஊரில் குழந்தைகள் இல்லத்துக்கு. மூன்றுக்கும் சம்மதம் என்று எழுதியிருந்தது.

அம்மா தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். “என் பிள்ளைகளுக்கு நான் ஆதரவு. நான் எப்படி ஆதரவற்றவள் ஆவேன்?”

பக்கத்திலிருந்த குமாஸ்தா பொன்னேரிக்காரர். “இன்னாமா பேஜார் பண்ணிக்கினு கீற? நல்ல சோறு போடுவாங்க, போயேன்” என்றார்.

“சோறு மட்டும் போதும்னா நான் கப்பலே ஏறியிருக்க மாட்டேன்” என்றாள் அம்மா.

அட்டை வரும்வரை என்று கொடுத்துவந்த அரிசி எங்களுக்கு அன்றோடு நின்றது. கொட்டகையில் சாக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தார்கள். அவர்களுக்கே அது போதாது என்று எனக்குத் தெரியும். சாப்பிட வெட்கமாக இருந்தது; சாப்பிட்டேன்.

பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து மீன் விற்க வரும் அக்கா ஒருத்தி, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினாள்.

“இன்னாக்கா, அழுதுக்கினு கீறியா?”

“அழலை. கோவமா இருக்கேன்.”

“அப்ப சரி. புதன்கிழமை பெரிய ஆபீசர் ஜீப்புல வர்றாராம். தாசில்தார் ஊட்டுக்கு மீன் போடறப்ப காதுல உழுந்துச்சு. உன் கோவத்த அதுவரைக்கும் பத்திரமா வெச்சிரு.”

அம்மா கொட்டகை கொட்டகையாகப் போனாள். அவளைப் போலவே சான்றிதழ் இல்லாத ஐந்து பெண்கள் கிடைத்தார்கள். புதன்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஆறு பேரும் பிள்ளைகளோடு முகாம் வாசலை அடைத்து உட்கார்ந்தோம். காவலாளி அதட்டினார். யாரும் நகரவில்லை. தங்கை என் மடியில் தூங்கிவிட்டாள்.

ஜீப் நின்றது. பெரிய அதிகாரி இறங்கி, “என்ன வேணும் உங்களுக்கு?” என்றார்.

அம்மா எழுந்தாள். “என் வீட்டுக்காரர் சண்டையில செத்தாருங்க. அந்தச் சண்டையை நாங்க போடலை. அந்த நாடு போன்னு சொல்லிச்சு. இந்த நாடு வான்னு கப்பல் அனுப்புச்சு. கூப்பிட்ட நாடே வந்து சேர்ந்தவங்களை மூணு ஊருக்குப் பிரிச்சு அனுப்பலாமா?”

“அவர் இறந்ததுக்குச் சாட்சி?”

“என் கொட்டகையிலேயே ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. அன்னிக்கு அவங்கதான் என்கூட நின்னாங்க.”

குமாஸ்தா குறுக்கிட்டார். “ஆம்பளை சாட்சிதான் சார் எடுத்துக்கினு இருக்கோம்.”

அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. பெரிய அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: “பிணத்தைக் குளிப்பாட்டினவ சாட்சி இல்லேன்னா, வேற யாருங்க சாட்சி?”

அவர் மேசையை வெளியே கொண்டுவரச் சொன்னார். அங்கேயே, வாசலிலேயே, பெண்களின் வாக்குமூலத்தை எழுதினார்கள். ஒருத்தி சொல்லும்போது அப்பாவின் சட்டை நிறத்தைச் சொன்னாள். அப்போதுதான் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் அட்டை வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். ஆறு பேருக்கும் அப்படித்தான். அரசாங்கம் இரக்கப்பட்டது என்று முகாமில் சிலர் சொன்னார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. “இரக்கம் இல்லை. அது அவங்க செய்ய வேண்டிய வேலை” என்பாள்.

எங்களுக்கு முன்பே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு விடுதிக்குப் போன ஒருத்தி இருந்தாள். கப்பலில் எங்கள் பக்கத்தில் படுத்திருந்தவள். அட்டை கிடைத்த மறுநாளே அம்மா அலுவலகத்துக்குப் போய், “அவளையும் வரவழையுங்க” என்றாள். மனு எழுதுவது என் வேலையானது. ஒரு வருடத்துக்கும் மேலாக எழுதினேன். பதில் வராதபோதெல்லாம் அம்மா அடுத்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அவள் வந்தாள். அவளுடைய மகளை வேறு இல்லத்திலிருந்து அழைத்துவர இன்னும் நான்கு மாதம் பிடித்தது. அந்தச் சின்னப் பெண் தன் தாயைப் பார்த்ததும் என் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவள் தன் தாயோடு பழகப் பல நாள் ஆயிற்று. அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது என்று கடைசி மனுவில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.