அஞ்சலை அக்கா லேட்டாம்

அஞ்சலை அக்கா போய்விட்டார்... இன்று விடியற்காலையில். மார்பகப் புற்றுநோய்.

பாகூரில் எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டு வருவாரே, கடலோரப் பனித்திட்டு ஊர் அஞ்சலை அக்கா, அவர்தான். பேரம் பேசினால் கோபமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாலு வீடு தள்ளி நின்று திரும்பிப் பார்ப்பார். "இன்னா, வேணுமா வேணாவா?"

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் இங்கே கேன்சர் கேம்ப் போட்டார்கள். பிங்க் பேனர், பிங்க் பலூன். நோட்டீஸை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தினமும் நடக்க வேண்டுமாம், காய்கறி நிறைய சாப்பிட வேண்டுமாம்...

"நடக்கணுமா? அப்ப நான் இன்னா பறந்தா வர்றேன்?" வாய்விட்டுச் சிரித்தார்.

கட்டி வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும் என்ற வரி வந்ததும் சிரிப்பு நின்றது.

"வலிக்காத கட்டியுமா? எனக்கு ஒண்ணு கீதும்மா... வலிதான் இல்லியேன்னு வுட்டுட்டேன்."

கேம்ப் காலை பத்து முதல் ஒன்று வரை. மீன் விற்கிற பெண்கள் ஒருத்தரும் வீட்டில் இல்லாத நேரம். விடியும்போது மீன் ஏலம், அப்புறம் தெருத் தெருவாக வியாபாரம். ஏற்பாடு செய்தவர்களில் ஒருத்தருக்குக்கூடவா இது தெரியாது?

அப்படியும் அக்கா வந்தார். மிச்ச மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, கூடையோடு வந்தார். அவர்கள் நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டரம்மா கிளம்பிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க." ஒரு பிங்க் தொப்பி மிச்சம் இருந்தது, அதைக் கொடுத்து அனுப்பினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் அன்றைய வியாபாரம் போச்சு. ஸ்கேனுக்கு இன்னொரு நாள், ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள். பார்க்கும்போதெல்லாம் சண்டை போட்டேன். எப்போதும் ஒரே பதில்தான்.

"தடைக்காலம் வரட்டும்மா. போட்டு கடலுக்குப் போவாது, நானும் சும்மாதான இருப்பேன். அப்ப போய்க் காட்டிக்கிறேன்."

சொன்ன மாதிரியே தடைக்காலத்தில் போனார். அதற்குள் அக்குள் வரை பரவியிருந்தது. அங்கே கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்க?"

இன்று சாவு வீட்டிலும் அதே பேச்சுதான். "பாவம், லேட்டா காட்டிடிச்சி." ஊர் தூங்கும்போதே எழுந்து ஓடின பொம்பளை... அவர் லேட்டாம்!

திரும்பி வரும்போது ரோட்டில் புது பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷமும் கேம்ப். காலை பத்து முதல் ஒன்று வரை.

அந்த நேரத்தில் நீங்கள் எங்கள் தெருவில்தான் இருந்திருப்பீர்கள், அக்கா.

போய் வாங்க...