ராத்தா வீட்டு முனை

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுதியதைத் திருத்துவதென்றால் எழுத்துப் பிழை பார்ப்பது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

என் மனைவிக்கு முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா. போன போகத்தில் நான் இறக்காமத்தில் வயற்காவலில் இருந்தபோது அவருக்கு மூச்சு அடைத்துவிட்டது. பத்து வயது மகள்தான் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்து, நான் சொல்லிக் கொடுத்திருந்த வழியைச் சொன்னாள். வந்தவர் வெளியூர் ட்ரைவர். ஒழுங்கைகளுக்குள் சுற்றிச் சுற்றி அவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது மனைவியின் உதடு நீலமாகிவிட்டதாம். அல்லாஹ் காப்பாற்றினான்.

இந்தப் போகமும் கதிர் வந்துவிட்டது. யானைக் காவலுக்குப் போயே ஆகவேண்டும். மனைவிக்கு மறுபடியும் இளைப்பு. பஸ்ஸுக்கு முன் வழியை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மகள் பிழையில்லாமல் எழுதினாள்: "பள்ளிவாசலைத் தாண்டி, ராத்தா வீட்டு முனையில் திரும்பினால் மூன்றாவது வீடு."

"தெரியாத ஆள் ஒருத்தர்ட்டக் குடுத்துப் பாப்பம் வாப்பா" என்றாள்.

மெயின் வீதியில் நின்ற, சாகாமத்திலிருந்து வந்த வெளியூர் ஆட்டோக்காரரிடம், மகள் பார்த்தெழுதிய இன்னொரு தாளையும் என் போன் நம்பரையும் கொடுத்து வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, நாங்கள் வந்து வாசலில் நின்றோம். ஆட்டோ இரண்டு தரம் கடற்கரைப் பக்கம் போய்த் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு போன் வந்தது.

"ஆர்ர ராத்தா வீடு காக்கா? இங்க வெறும் வளவுதானே கிடக்கு."

ராத்தா என் மூத்த சகோதரி. அவரையும் வீட்டையும் சுனாமி கொண்டுபோனது. ஊரில் எல்லோரும் இன்னும் அப்படித்தான் வழி சொல்கிறோம்.

"நானும் அந்த வீட்டக் கண்டதில்ல வாப்பா. நீங்க சொன்னத்தான் எழுதின."

பேனையை வாங்கினேன். எங்களிடம் இருந்த தாளில் 'ராத்தா' என்ற சொல்லை வெட்டக் கை வரவில்லை. உள்ளே மனைவி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. வெட்டினேன். "நீலத் தண்ணீர் டாங்கி நிற்கும் வெறும் வளவு. அங்கே இடப்பக்கம் திரும்பவும்." போனில் வாசித்ததும் ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது.

அதே ஆட்டோவில் பஸ்ஸுக்குப் போனேன். சீட்டில் உட்கார்ந்ததும் மகள் போன் எடுத்தாள்.

"வாப்பா, இருட்டுக்குள்ள டாங்கி தெரியாதே. முனையில நான் டோர்ச்சோட நிப்பன் எண்டு எழுதட்டா?"

"ஓம், எழுது மகள்."

பேனை தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப உம்மாக்கிட்ட ஆர் நிக்கிற?"

அதற்கு எந்த வரியைத் திருத்துவது? பஸ் வெளிக்கிட்டது. சத்தம் போட்டுப் பஸ்ஸை நிற்பாட்டி இறங்கி, வீட்டுக்குத் திரும்பினேன். அன்றிரவு இறக்காமத்தில் வயல் காவலுக்கு ஆளில்லாமல் கிடந்தது.