லிண்டாவின் விரிப்புகள்

இந்த ஊரில் தக்காளி நாற்றைக்கூடப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கொண்டுவிட்டுக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. மே மாதம் கடையில் வாங்கிய ஆறு நாற்றுகளை இரண்டு வாரம் காலையில் வெயிலில் வைத்து, மாலையில் வீட்டுக்குள் எடுத்துவந்த பிறகுதான் மண்ணில் நட முடிந்தது. கனடாவின் இந்தச் சிற்றூரில் அது எனக்கு முதல் கோடை. கணவருக்குத் தொலைவில் வேலை. மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார். மற்ற நாட்களில் நான் தமிழ் பேசியது பெரும்பாலும் அந்தச் செடிகளோடுதான்.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் கழனியில் நைனா, அதாவது என் அப்பா, தக்காளி வைக்கும்போது இந்தச் செல்லமெல்லாம் கிடையாது. நட்டுத் தண்ணீர் விட்டால் நாற்று தானே தலைதூக்கும். பிறகு குச்சி ஊன்றிச் சணலால் கட்டுவோம். அங்கே செடி செத்தால் வெயிலில் சாகும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் வேர் அழுகிச் சாகும். வளர்ந்த செடி குளிரிலும் சாகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

செப்டம்பரில் கிளை ஒடியும் அளவுக்குக் காய், எல்லாம் பச்சை. ஒரு மாலை, பக்கத்து வீட்டு லிண்டா வேலியோரம் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அதுவரை 'ஹலோ'வைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. செடிகளைக் காட்டி, "இன்றைக்கு அதையெல்லாம் மூடி வைத்துவிடு" என்றார். அவர் வீட்டு வாசலில் விருந்தாளிகளின் கார்கள் நின்றன. என் குச்சிகளும் கந்தல் கட்டுகளும் அவர்கள் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும்போல என்று நினைத்தேன். உள்ளே போய் நைனாவுக்குப் போன் செய்து அழுதேன்.

"மூடச் சொன்னா மூடிட்டுப் போயேம்மா. வேத்து ஊர்ல இருந்துகினு எதுக்கு ரோசம்?" என்றார்.

நான் மூடவில்லை.

காலையில் பார்த்தால் ஆறு செடிகளின் மேலும் பூப்போட்ட படுக்கை விரிப்புகள். அவரே வந்து மறைத்துவிட்டார் என்று கோபமாக ஒன்றை இழுத்தேன். துணி அட்டை மாதிரி விறைத்திருந்தது. உள்ளே செடி பசுமையாக நின்றது. சுற்றிலும் புல் பனி படிந்து வெளுத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் லிண்டாவின் பீன்ஸ் கொடி வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் தொங்கியது.

அவர் கதவைத் தட்டி, "உங்கள் கொடியை ஏன் மூடவில்லை?" என்று கேட்டேன்.

"விரிப்பு அவ்வளவுதான் இருந்தது. நான் பீன்ஸ் பறித்துச் சாப்பிட்டாயிற்று. உனக்கு இன்னும் ஒரு பழம்கூட வரவில்லையே" என்றார்.

முந்தைய நாள் நான் நினைத்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "ராத்திரி உறைபனி வருகிறது, செடி கருகிவிடும் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது" என்றார்.

அதன் பிறகு மூன்று வாரம் வெயில் அடித்தது. பழுத்ததில் பாதியை லிண்டாவுக்குக் கொடுத்தேன். நான் செய்த தொக்கை ரொட்டியில் தடவித் தின்று, காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் கேட்டார்.

அக்டோபரில் ஒரு மாலை நான் காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது நைனா வீடியோ காலில் வந்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது; கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.

"நாளன்னிக்கு நகரியில மழைன்னு போட்டிருக்கு நைனா. தண்ணி நிக்காம வாய்க்கா எடுத்து வுட்டுடு" என்றேன்.

"சரிம்மா. உங்க ஊர்ல எப்படி?" என்று கேட்டார்.

உங்க ஊர் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கே நாளைக்கு வானிலை எப்படி என்று நான் பார்த்திருக்கவில்லை. போனில் நைனாவைக் கையில் பிடித்தபடியே வேலிப் பக்கம் திரும்பி, அங்கே இலை வாரிக்கொண்டிருந்த லிண்டாவைக் கேட்டேன்.