சிவப்புச் சீட்டில் ஆறு கிளாஸ்

விமான நிலையத்தின் இரண்டாவது மாடியில், பயணிகள் காத்திருக்கிற அந்த லவுஞ்சில், அவளுடைய பெயர் சட்டையில் குத்திய பட்டையில் மட்டும்தான் இருந்தது. எல்லோர் வாயிலும் அவள் அளவு அக்கா. முப்பது மில்லி என்றால் முப்பது மில்லி. ஒரு சொட்டு கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "கை கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்று கண்ணடிக்கிறவர்களிடம், "கை என்னுது, புட்டி கம்பெனியோடது சார்" என்று சிரிக்காமல் சொல்வாள்.

அந்த லவுஞ்சை ஒன்பது விமானக் கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் பயணியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பும். பச்சைச் சீட்டுக்குச் சாப்பாடு, காபி, ஜூஸ். நீலத்துக்கு அதோடு பீரோ ஒயினோ இரண்டு கிளாஸ். சிவப்புக்கு எது வேண்டுமானாலும், இருபது நிமிடத்துக்கு ஒன்று. ஒரு கம்பெனி மட்டும், எவ்வளவு பெரிய டிக்கெட்டாக இருந்தாலும் எங்கள் பயணிக்கு மதுவைக் கண்ணில் காட்டாதீர்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தது. காலை பத்து மணிக்கு முன்னால் எந்த நிறத்துக்கும் கிடையாது.

"போன வாரம் ஒரு ஏர்போர்ட்ல புட்டிய மேசை மேலயே வச்சிருந்தாங்க. நாங்களே ஊத்திக்கிட்டோம். இங்க என்னமோ ரேஷன் மாதிரி!" என்று தினமும் ஒருவராவது சண்டைக்கு வருவார். ஒரே சோபாவில் மனைவிக்குச் சிவப்பும் கணவனுக்குப் பச்சையும் வாய்த்துவிட்டால், அந்த மனிதர் மனைவியின் கிளாஸைப் பார்க்கிற பார்வையைச் சகிக்க முடியாது. ஆனால் கிளாஸ் கை மாறக் கூடாது. எல்லா விதிக்கும் மேலே இருந்த விதி அதுதான். மாறினால் இரண்டு பேரையும் விமானத்தில் ஏற்றாமல் வாசலைக் காட்டிவிடுவார்கள். பார்த்தும் தடுக்காத பணியாளுக்கும் அதே வாசல்தான்.

அந்த வாசலை அவள் ஒரு முறை பார்த்தாகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால், கழுத்தில் அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கொடுக்கிற தங்க நிற அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் வாராவாரம் வருவான். அவளுக்கு வாயால் 'சார்', மனசுக்குள் 'அவன்'. ஒருநாள் மனைவியின் தம்பியையும் கூட்டி வந்தான். தம்பிக்குப் பச்சைச் சீட்டு. இவன் தன் கிளாஸையெல்லாம் சோபாவுக்குப் பின்னால் கொடுத்துக் கொடுத்து, தம்பியை நிற்க முடியாமல் ஆக்கிவிட்டான். அன்று முப்பது பேர் கவுண்டரில் நின்றார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. கேட்டில் தம்பியை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் தங்க அட்டை கை நீட்டியது இவளை நோக்கி. "இந்தப் பொம்பளதான் குடுத்தா. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன்."

அப்போது யாருக்கு எது ஊற்றினோம் என்று எழுதிவைக்கும் பழக்கம் லவுஞ்சில் இல்லை. எந்நேரமும் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டே இருப்பதால் டை சார் என்று பெயர் வாங்கிய சூப்பர்வைசர், அவள் மேல் தப்பில்லை என்று தெரிந்தும், டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான்கு மாதம் இடைநீக்கம். அதையாவது அவள் தாங்கியிருப்பாள். கடிதம் வீட்டுக்கு வந்தது. லவுஞ்சில் சாப்பாட்டுப் பகுதியில் வேலை என்றுதான் அவள் மாமியாரிடம் சொல்லியிருந்தாள். நாத்தனார் உறையைப் பிரித்து, 'மது பரிமாறுவதில் அலட்சியம்' என்ற வரியைக் கூடத்தின் நடுவில் நின்று இரண்டு தடவை வாசித்தாள். தன் பிள்ளைகளை இவளிடம் விட்டுவிட்டுப் போவதை அன்றோடு நிறுத்திக்கொண்டாள். "எதுக்கு அண்ணி உங்களுக்குச் சிரமம்" என்பாள். அந்த 'சிரமம்' என்ற சொல்லை அழுத்துகிற அழுத்தத்திலேயே எல்லாம் இருக்கும்.

திரும்பி வந்தபோது கவுண்டர் இல்லை. எச்சில் கிளாஸ் பொறுக்குகிற வேலை. லவுஞ்சில் ஒரு தடிமனான புத்தகம் வந்திருந்தது: இருக்கை எண், சீட்டு எண், நேரம், என்ன ஊற்றினோம், எல்லாம் எழுத வேண்டும். அவளால் வந்த புத்தகம் அது. அதைத் தொடுகிற உரிமை மட்டும் அவளுக்கு இல்லை. இரண்டரை வருடம் கிளாஸ் பொறுக்கினாள். ஆறு வாரத்துக்கு முன்னால் கவுண்டரில் இருந்தவன் வேலையை விட்டுப் போக, வேறு ஆள் கிடைக்காமல் டை சார் அவளைக் கூப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அவன் வந்தான்.

தலைமுடி கொஞ்சம் குறைந்திருந்தது, வயிறு கொஞ்சம் கூடியிருந்தது. கழுத்தில் அட்டை இல்லை. கையில் பச்சைச் சீட்டு. பின்னாலேயே இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு, தடித்த கண்ணாடி போட்ட ஒரு மனிதர் வந்தார்; ஐம்பது வயதிருக்கும், அவனுடைய ஆபீஸ் கணக்கர். அவர் கையில் சிவப்பு.

"எனக்கு மலிவு டிக்கெட் போட்டுட்டு, உமக்கு மட்டும் பெரிய சீட்டா? என்னய்யா நியாயம்?"

"கடைசி நேரத்துல வரச் சொன்னீங்க சார். மலிவு டிக்கெட்டெல்லாம் தீந்துபோச்சு. இருந்ததே இது ஒண்ணுதான்."

"சரி சரி. போய் ஒரு விஸ்கி வாங்கிட்டு வாரும்."

"நான் தொடறதில்லையே சார்."

"தொட வேணாம்யா. தூக்கிட்டு வாரும்."

இதையெல்லாம் ஆறடி தள்ளி, கவுண்டரில் நின்று அவள் கேட்டாள். பக்கத்தில் காபி மெஷினில் நிற்கிற பெண்ணும் கேட்டாள். பாலில் நுரை எழுப்புகிற வேலை என்பதால் அவளுக்கு நுரை என்றே பெயர்.

"அக்கா, அவன்தானே? நீங்க சொல்வீங்களே?"

"அவன்தான்."

"துப்பிக் குடுத்துடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"துப்பினா அவனுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் வாய் கசக்கும்."

கணக்கர் கூச்சத்தோடு வந்து சிவப்புச் சீட்டை நீட்டினார். அவள் அளந்து ஊற்றினாள். இருக்கை பதினான்கு, சீட்டு எண், பத்து நாற்பது என்று எழுதினாள். கிளாஸை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். சோபாவுக்குப் பின்னால் ஒரு கை நீண்டது. அதே கை, அதே சாமர்த்தியம்.

இந்த இடத்தில் அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நான்கு எட்டு நடந்து போய், "சார், கிளாஸ் கை மாறக் கூடாது" என்று சொல்ல வேண்டும். அவன் முறைப்பான், வைத்துவிடுவான், அதோடு முடிந்தது. அவள் நடக்கவில்லை. துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கவுண்டரையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அளவுக்கு மீறி ஒரு சொட்டு ஊற்றாதவள், அன்று முதல் தடவையாக ஒரு விதியைத் தெரிந்தே மீறினாள். பயம் வந்தது. இன்னொரு கடிதம் வீட்டுக்குப் போனால் நாத்தனார் இந்தத் தடவை தெரு வாசலில் நின்று வாசிப்பாள். ஆனாலும் அவள் துடைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

பதினொன்று ஆனதும் அவளே கணக்கரின் மேசைக்குப் போனாள். "சார், இன்னொண்ணு தரட்டுமா? உங்க சீட்டுக்கு உண்டு."

கணக்கர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பெரிய மனதோடு தலையசைத்தான்.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் இன்னும் எத்தனை கிளாஸ் ஊற்றலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். பதினொன்று இருபதுக்கு மூன்றாவது. அதை வாங்கிக்கொண்டு அவன் அவளைப் பார்த்தான். தான் பார்க்கப்படுவதைப் பார்த்தான். கிளாஸை லேசாக அவள் பக்கம் உயர்த்தி, உதட்டில் விரலை வைத்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவ்வளவு மனசார அவள் யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை.

நான்காவதுக்கு நுரை பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "அக்கா, போதும். மாட்டிக்குவீங்க."

"எழுதியிருக்கேன்டி. எல்லாம் கண்ணாடிக்காரர் பேர்ல. இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு. ஒரு சொட்டு தப்பில்ல."

"அந்த மனுஷன் பாவம் இல்லையா?"

கணக்கரைப் பார்த்தால் அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் டை சாருக்கும் தன்னைப் பார்த்து இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும், அந்த நினைப்பை எச்சில் கிளாஸ் போலத் தட்டில் வைத்து ஒதுக்கிவிட்டு, ஐந்தாவதை ஊற்றினாள். பன்னிரண்டு இருபதுக்கு ஆறாவது. அதற்குப் பிறகு கணக்கர் வந்தபோது, "போர்டிங்குக்கு அரை மணிதான் இருக்கு சார், இனிமே தரக் கூடாது" என்று விதியைச் சொன்னாள்.

ஒன்றரைக்கு அவன் திரும்பி வந்தான். இந்த முறை ஒரு காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு. கேட்டில் நின்ற பெண்ணிடம் பாஸ்போர்ட்டுக்குப் பதில் மூக்குக் கண்ணாடிக் கூட்டை நீட்டியிருக்கிறான். "இந்த நிலைமையில ஏத்த முடியாது" என்றிருக்கிறார்கள். கத்தியிருக்கிறான். பின்னால் கணக்கர், இரண்டு பையோடு, மூச்சிரைக்க.

"இவதான்!" என்று அவன் கை நீட்டினான். அந்தக் கையைக் கனவில் எத்தனை தடவை அவள் பார்த்திருப்பாள்! "இவதான் ஊத்திக் குடுத்தா!"

டை சார் ஓடி வந்தார். கழுத்துக்குப் போன கையைப் பாதியில் இறக்கினார். "புத்தகத்த எடும்மா."

அவள் எடுத்து விரித்தாள். பச்சைச் சீட்டு எண்ணுக்கு எதிரே ஒன்றுமில்லை. இருக்கை பதினான்கு, சிவப்பு, ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக இருபது நிமிடம்.

"எனக்குன்னு வாங்கல, இந்த ஆள் பேர்ல வாங்கினேன். இவ பாத்துக்கிட்டே இருந்தா! சிரிச்சா என்னப் பாத்து!"

டை சார் கணக்கர் பக்கம் திரும்பினார். "சார், உண்மையைச் சொல்லுங்க. உங்க கிளாஸ இவர் குடிச்சாரா?"

நுரை காபி மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். கணக்கர் 'ஆமாம்' என்று சொன்னால் அவருக்கும் விமானம் இல்லை. அவளுக்கும் வேலை இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளியைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"நான்தான் சார் குடிச்சேன்."

"ஆறுமா?"

"ஆறும்."

டை சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத் தாங்குறீங்க சார்" என்றார், உண்மையான மரியாதையோடு. நுரை மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"யோவ்! உன்ன... உன்ன என்ன பண்றேன் பாரு! மீட்டிங்குக்கு யாருய்யா போறது?"

"நான் போறேன் சார். கணக்கெல்லாம் எனக்குத்தானே தெரியும்." கணக்கர் ஒரு பையை முதலாளியின் காலடியில் மெதுவாக இறக்கி வைத்தார். தன்னுடையதை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டார். அவளைக் கடக்கும்போது நிற்காமலே, "இவர்கிட்ட எட்டு வருஷம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் கேட்டை நோக்கி ஓடினார்.

இரண்டு மணிக்கு அவளுடைய ஷிப்ட் முடிந்தது. நுரை கையைப் பிடித்து அழுத்தி, "தலை நிமிந்து வீட்டுக்குப் போங்க அக்கா" என்றாள். பணியாளர் பஸ் இரண்டு இருபதுக்கு. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

லவுஞ்ச் வாசலுக்கு எதிரே, தாழ்வாரத்து இரும்பு நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். சட்டை ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. அவள் தாண்டிப் போயிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது, பழியும் முடிந்துவிட்டது. ஆனால் எதற்காக விழுந்தோம் என்றே தெரியாமல் ஒருவன் விழுந்து கிடப்பதில் ஏதோ குறை இருந்தது. அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"என்னை ஞாபகம் இருக்கா சார்?"

அவன் கண்ணைச் சுருக்கினான். "நீ... ஊத்திக் குடுத்தவ."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி எங்க பாத்தேன்? நீ புதுசுதானே?"

"பதினோரு வருஷமா இங்கதான் இருக்கேன்."

அவனுக்கு மெதுவாக ஏதோ உறைத்தது. "வேணும்னே பண்ணியா நீ? எழுதிப் போடுறேன் உன்ன."

"போடுங்க சார். யாரோட சீட்டுல குடிச்சீங்கன்னும் சேத்து எழுதுங்க."

அவள் மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தாள். பஸ்ஸிலும், பாத்திரம் கழுவும்போதும், தூக்கம் வராதபோதும் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியம் அது. "உங்க மச்சினன கேட்ல நிறுத்தினாங்க. நான்தான் குடுத்தேன்னு எம்மேல கை நீட்டுனீங்க. நாலு மாசம் வீட்ல உக்காந்தேன். இன்னிக்குத் தெரியுதா எப்படி இருக்கும்னு?"

அவன் நெற்றியைத் தேய்த்தான். உண்மையாகவே யோசித்தான், அது முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டான்:

"எந்த வாட்டி?"

கோபம் வரும் என்று நினைத்திருந்தாள், கெஞ்சுவான் என்று நினைத்திருந்தாள், மறுப்பான் என்றுகூட நினைத்திருந்தாள்.

"மச்சினன் நாலஞ்சு தடவ மாட்டியிருக்கான்" என்றான் அவன், உதவி செய்கிற குரலில். "நீல சோபா போட்ட லவுஞ்சா? இல்ல, மாடிப்படி இருக்குமே, அங்கயா?"

அவள் தேதியைச் சொன்னாள். அன்று அவன் உட்கார்ந்த இடத்தைச் சொன்னாள். சட்டை நிறத்தைச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். "இல்லம்மா. வரல."

இரண்டு இருபது ஆனது. கீழே பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், கால் ஒத்துழைக்கவில்லை.

"உக்காருங்க சார். மொதல்லேர்ந்து சொல்றேன். அன்னிக்கு முப்பது பேர் நின்னாங்க..."

அவனுடைய அடுத்த விமானம் இரவு எட்டு மணிக்கு. அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை.